கவர்வழியில் ஒரு புல்முடிச்சு

திருவண்ணாமலையில் வழி கேட்டால் ஊரார் பெரும்பாலும் திசை சொல்வதில்லை. "மலைக்கு அந்தாண்ட", "மலைக்கு இந்தாண்ட" என்றுதான் சொல்லுவார்கள். ராஜகோபுர வாசலில் நின்றாலும், பேருந்து நிலையத்தில் மூட்டையோடு இறங்கினாலும், மொட்டைமாடியில் வடாம் உலர்த்தினாலும், கண்ணை நிமிர்த்திய மாத்திரத்தில் எதிரே நிற்கும் அந்த மலையை அளவுகோலாகக் கொண்டே அவர்களுடைய தூரமும் திசையும் பொழுதும் அமைந்திருக்கின்றன. அப்படி வாழ்நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்களிடம் உச்சிக்குப் போனதுண்டா என்று விசாரித்தால், "மலையே சிவன், அவர் தலைமேலா காலை வைப்பது?" என்று கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் பலர். பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் சுற்றி வந்து கும்பிடுவார்கள், ஏற மாட்டார்கள்.

மலையில் ஏறுவதற்கென்றே கடல் கடந்து போகிறவர்களும் இவ்வுலகத்தில் இருக்கிறார்கள். அவர்களிலும் ஒரு சாராருக்குப் பனி மூடிய சிகரங்களில் ஆசை இல்லை. மரமும் நீரும் அற்ற வறண்ட வெளியின் நடுவே, கூப்பிடு தூரத்தில் ஒரு குடிசைகூட இல்லாமல், ஒற்றையாக எழுந்து நிற்கும் கற்சிகரங்களின் மீதுதான் அவர்களுக்கு மோகம். அடிவாரம் வரை நடந்து, சரிவில் ஏறி, கால் மாத்திரம் போதாது என்ற இடம் வந்தவுடன் கையையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பாறையைப் பற்றித் தொற்றி, உச்சியில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது அவர்கள் வழக்கம். வெறும் நடை ஒன்று. கயிறும் ஆணியும் கொண்டு செங்குத்துப் பாறையில் ஏறும் வித்தை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது இது. 'தொற்றி ஏறுதல்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லே இதற்குப் போதும். இந்தத் தொற்றி ஏறும் கலை திருவண்ணாமலைச் சீமைக்குப் புதியதன்று. இதற்கு வழிகாட்டி நூல்கூட இங்கே உண்டு, அதுவும் சங்க காலத்திலேயே எழுதப்பட்டது, என்று சொன்னால் வாசகர்கள் வியப்படையலாம்.

பாலை என்பது ஒரு பொழுது

நம் நாட்டில் பாலைவனம் ஏது, பாலைவனத்து மலை ஏது என்று ஒருவர் கேட்கக்கூடும். குறிஞ்சிக்கு மலையும் முல்லைக்குக் காடும் மருதத்துக்கு வயலும் நெய்தலுக்குக் கடற்கரையும் நிலமாகச் சொன்ன தொல்காப்பியர், பாலைக்குத் தனி நிலம் ஒன்றையும் கூறவில்லை. வேனிற் பருவத்தையும் நண்பகலையும் அதற்கு உரியவையாகச் சொன்னார். முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு கெடும்பொழுது பாலையாகிவிடுகின்றன என்று பின்னால் சிலப்பதிகாரம் விளக்கம் சொல்லிற்று. ஆகவே தமிழனுக்குப் பாலை என்பது ஓர் இடமன்று, ஒரு பொழுது. ஐப்பசியில் அருவி ஒலிக்கும் அதே ஓடையில், சித்திரை மாதத்து உச்சிப்பொழுதில், சுடுமணலும் உலர்ந்த சருகும் தவிர வேறொன்றும் இராது. அந்தப் பொழுதில் வட ஆற்காட்டுக் குன்றில் ஏறுகிறவன், அரேபியாவுக்குப் போகாமலேயே பாலைவனத்து மலையில் ஏறியவனாகிறான்.

அண்ணாமலையின் உயரம் 2,668 அடி. ஊரே கடல் மட்டத்துக்குச் சில நூறு அடி மேலே இருப்பதால், நடந்து கடக்க வேண்டிய ஏற்றம் ஏறத்தாழ 2,100 அடி. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் காற்றின் வெப்பம் குறையும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி பார்த்தால் உச்சிக்குப் போகிறவனுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி நான்கு டிகிரிதான். அந்தச் சொற்ப லாபத்தையும் பாறை பறித்துக்கொண்டுவிடுகிறது. தென்னிந்தியப் பீடபூமியின் அடித்தளமான, 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்த ஆதிப்பாறை பகலெல்லாம் வெயிலைக் குடித்து, அந்தி கடந்த பிறகும் அதை மெள்ள மெள்ள உமிழ்ந்துகொண்டிருக்கும். பகலில் காய்ந்தும் இரவில் ஆறியும், மழையில் ஊறியும், நீண்ட காலத்தில் அதன் மேற்பரப்பு வெங்காயத் தோல்போலத் தகடு தகடாகப் பெயர்கிறது. பெயர்ந்த இடத்தில் வழுவழுப்பான சறுக்குப் பாறையும், பெயர்ந்து விழுந்த இடத்தில் வீட்டளவு குண்டுக்கற்களின் குவியலும் உண்டாகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே கூரிய புல் இடுப்பளவு வளர்ந்து, காலை எங்கே வைக்கிறோம் என்பதை மறைத்துவிடும். ஏறுகிறவனுக்கு இம்மலை வைக்கும் பரீட்சைகள் இவை மூன்றும்தாம்.

பரீட்சையில் நான்காவது ஒன்றும் உண்டு என்பதை ரமண மகரிஷியின் வரலாறு சொல்லுகிறது. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி இவ்வூருக்கு வந்து சேர்ந்தவர், 1950-இல் விதேக முக்தி அடையும் வரை இம்மலையை விட்டு நீங்கவில்லை. விரூபாக்ஷ குகையிலும் பிறகு ஸ்கந்தாசிரமத்திலும் பல ஆண்டுகள் மலைமீதே வாசம் செய்தார். ஒருநாள் பாதையில்லாத பக்கமாகச் சென்றுகொண்டிருக்கையில், ஓடையில் கிடந்த மிகப் பெரிய ஆலிலை ஒன்றைக் கண்டு, அந்த மரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் விருப்பத்தோடு மேலே ஏறினார். ஏறும்பொழுது தொடை ஒரு புதரில் உரசிற்று. அதனுள் இருந்த குளவிக்கூடு கலைந்தது. கூட்டைக் கலைத்த கால் தண்டனையை அநுபவிக்கட்டும் என்று அவர் அசையாமல் நின்று, குளவிகள் கொட்டித் தீர்த்த பிறகே நகர்ந்தாராம். அந்தப் பொறுமை நமக்கு வாய்க்காது. ஆனால் மலையில் நாம் கை வைக்கும் ஒவ்வோர் இடமும் ஏற்கெனவே வேறொரு ஜீவனுக்கு வீடு என்ற எண்ணமாவது ஏறுகிறவனுக்கு இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே, கார்த்திகை மாதத்தில் இந்த மலை தன் பெரிய ஏற்றத்தைக் காண்கிறது. மகாதீபத்துக்கு வேண்டிய ஆளுயரக் கொப்பரையும், ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும், நெடிய திரித்துணியும் மனிதர் தோள்மீதேதான் உச்சிக்குப் போகின்றன. பர்வதராஜ குலத்தார் பரம்பரை உரிமையாகத் தீபம் ஏற்ற, அது பதினொரு நாள் எரிகிறது. மேலைநாட்டார் தோல் காலணியும் ரப்பர் அடியும் பூண்டு ஏறும் இடத்தில், நெய்க்குடத்தோடு வெறுங்காலில் ஏறும் இந்த ஜனங்களைப் பார்த்தால், அவர்கள் பாறையைக் கண்ணால் பார்ப்பதைவிட உள்ளங்காலால் படிக்கிறார்கள் என்றே தோன்றும்.

கூத்தருக்குச் சொன்ன வழி

அண்ணாமலைக்கு வடமேற்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், போளூருக்கும் செங்கத்துக்கும் இடைப்பட்ட நாட்டில், பர்வதமலை நிற்கிறது. நெடுந்தூரத்திலிருந்து பார்க்கும்பொழுதே மேல்பகுதி கோட்டைச் சுவர்போலச் செங்குத்தாக வெட்டி நிற்பது தெரியும். 4,500 அடிக்குக் குறையாது என்பது இப்பக்கத்தாரின் கணக்கு. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் கோயில் கொண்டிருக்கிறார்கள். இன்னார்தான் தொடலாம் என்ற கட்டுப்பாடு இல்லாமல், ஏறி வந்தவன் எவனாயினும் தன் கையாலேயே சுவாமிக்கு அபிஷேகம் செய்து பூச்சூட்டலாம் என்பது அக்கோயிலின் வழக்கம். தென்மகாதேவமங்கலத்திலிருந்து ஒரு பாதையும் கடலாடியிலிருந்து ஒரு பாதையும் கிளம்பி மேலே ஒன்று சேருகின்றன.

சங்க நூலில் 'நவிரம்' என்று பேர் பெற்ற மலை இதுவே என்று அறிஞர் கருதுவர். பத்துப்பாட்டில் இறுதியாக நிற்கும் மலைபடுகடாம், இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் என்னும் புலவர், செங்கண்மா என்ற இன்றைய செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியது; 583 அடி உடையது. அதற்குக் கூத்தராற்றுப்படை என்ற பெயரும் உண்டு. ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துவது. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனை நிறுத்தி, "நீயும் அவனிடம் போ, இந்த வழியாகப் போ" என்று சொல்லி அனுப்புவதாக அந்த இலக்கிய வகை அமையும். மற்ற ஆற்றுப்படைகளில் வள்ளலின் பெருமை முன்நின்று வழி பின்னிற்க, இந்நூலில் மலைவழியே பாட்டின் பெரும் பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டது. ஏட்டுச் சுவடிகளில் உறங்கிக் கிடந்த இதனை, நச்சினார்க்கினியர் உரையோடு மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1889-இல் பத்துப்பாட்டுப் பதிப்பில் அச்சிட்டு உதவினார்கள்.

அந்தப் புலவர் சொல்லும் எச்சரிக்கைகளை இன்று ஒரு மலையேற்றச் சங்கத்தார் தம் அங்கத்தினர்களுக்கு அப்படியே சொல்லலாம். தினை தின்ன வரும் பன்றிகளுக்காக வழியோரத்தில் பொறி வைத்திருப்பார்கள். ஆதலால் இருள் நீங்கி நன்றாக விடிந்த பிறகே புறப்படுங்கள். பருக்கைக் கற்கள் நிறைந்த பள்ளங்களில் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும். அவ்விடத்தை முன்னதாகவே நோக்கி அறிந்து, சற்று வழி விலகிச் செல்லுங்கள். புனங்காவலர் யானையை ஓட்டக் கவணில் எறியும் கல் யமனைப்போல் பாய்ந்து வரும். மரங்களை மறைவாகக் கொண்டு கடந்துபோங்கள். கண்ணுக்குப் புலப்படாதபடி பாசி படர்ந்து கால் வழுக்கும் இடங்களில், பக்கத்தில் நெருங்கி வளர்ந்த சிறுமூங்கிலையும் கோரையையும் ஊன்றுகோலாகப் பற்றிக்கொள்ளுங்கள். இரவாகிவிட்டால் நடக்க வேண்டாம். சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் குகைக்குள் நுழைந்து தங்குங்கள். இப்படி அபாயத்தை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே பரிகாரத்தையும் வைத்துக்கொண்டு போகிறார். "அஞ்சாதே" என்று வெறும் தைரியம் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. வழி இரண்டாகப் பிரியும் இடம் வந்தால், அவ்விடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுவிட்டுப் போங்கள் என்கிறார். பின்னால் வருகிறவர்களும் அந்த நிலத்துக்குப் புதியவர்கள் அல்லவா? உலகத்து மலைகளில் எல்லாம், திபேத்திலும் ஆல்ப்ஸிலும் அமெரிக்கப் பாலையிலும், ஏறுகிறவர்கள் கல்மேல் கல் அடுக்கி வழிக்குறி வைக்கிறார்கள். கல்லுக்குப் பதிலாகப் புல், வேற்றுமை அவ்வளவே. மலைவழி என்பது ஒருவன் தனக்காக மாத்திரம் நடந்து தீர்க்கும் காரியமன்று, முன்னே போனவன் பின்னே வருகிறவனுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய கடன் என்ற தர்மம் அந்தச் சிறு முடிச்சில் அடங்கியிருக்கிறது.

கடப்பாறைப் படியில்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்து விடியற்காலையில், இந்த நூலை நினைத்துக்கொண்டு, தென்மகாதேவமங்கலத்து வழியாகப் பர்வதமலையில் ஏறினேன். அடிவாரத்தில் பச்சையம்மனையும் வீரபத்திரரையும் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டால், முதலில் கட்டிய படிகள் வருகின்றன. படியில் ஏறுவது எளிது என்று நினைப்பவர்கள், ஒரே அளவான படிகள் ஒரே தசையை ஓயாமல் வாட்டும் என்பதை அரை மணியில் தெரிந்துகொள்வார்கள். பிறகு வேரும் கல்லுமான காட்டுப் பாதை. கடலாடி வழி வந்து சேர்ந்ததற்கு அப்பால் மரங்கள் குட்டையாகி, காற்று பலத்து, தலைக்கு மேலே பாறைச் சுவர் தோன்றுகிறது. அதன் மேல் போகும் வழிக்குக் கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப்படி, ஆகாயப் படி என்று ஜனங்கள் இட்டிருக்கும் பெயர்களே அதன் லட்சணத்தைக் காட்டிவிடும். இப்பொழுது சில இடங்களில் இரும்புப் படிக்கட்டு அமைத்துச் சிரமத்தைக் குறைத்திருக்கிறார்கள். நான் பழைய வழியையே பிடித்தேன்.

கடப்பாறைப் படி என்பது பாறையைத் துளைத்து நட்ட இரும்புக் கம்பிகளின் வரிசை; பக்கத்திலே பற்றிக்கொள்ளச் சங்கிலி. கட்டைவிரலைவிடத் தடித்த அக்கம்பிகளின் மேற்பாதி, எண்ணற்ற உள்ளங்கைகள் பற்றிப் பற்றி வெள்ளிபோல் வழவழத்துக் கிடக்க, பாறையோடு சேரும் அடியில் மாத்திரம் செம்பொடியாகத் துரு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கம்பியின் தலையில் யாரோ விபூதி பூசி, பாதி வாடிய சாமந்திப் பூ ஒன்றைச் செருகியிருந்தார்கள். பாதிச் சுவர் ஏறியபின் நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன்: கம்பியை இரண்டு கைகளாலும் இறுகக் கட்டிக்கொண்டு உடம்பின் பாரத்தை எல்லாம் தோள்மீது தொங்கவிட்டேன். முன்னங்கை மரத்துப்போயிற்று, வலது முழங்கால் தையல் இயந்திரத்தின் மிதிபலகைபோலத் தானாகவே ஆட ஆரம்பித்தது.

எனக்குக் கீழே, தோளில் தூக்கு ஒன்றும் எண்ணெய்ப் புட்டி ஒன்றும் மாட்டிக்கொண்டு, அறுபது கடந்த பெரியவர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். போளூர்ப் பக்கத்து விவசாயி என்று பிறகு தெரிந்தது. ஆடும் என் காலைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாத குரலில், "கையில தொங்காத சாமி. காலு மேல நில்லு. கையி சும்மா தொணைக்கித்தான்" என்றார். சொன்னபடி குதிகாலைத் தாழ்த்தி, பாதத்தைப் பாறையில் அழுத்தி, முழங்காலை நிமிர்த்தினேன். ஆட்டம் நின்றது. "இப்ப ஒரு கைய எடு. மத்த மூணும் அப்படியே கெடக்கட்டும்" என்றார்.

பாறை ஏறும் சாஸ்திரத்தின் முதற்பாடம் முழுவதும் அவருடைய அந்தச் சில வாக்கியங்களில் அடங்கிவிட்டது. மனிதனுடைய காலின் தசை நாள் முழுவதும் உடம்பைச் சுமப்பதற்கென்றே அமைந்தது. கையின் தசைக்கு அந்தப் பழக்கம் இல்லை, சில நிமிஷங்களில் சோர்ந்துவிடும். ஆகையால் பாரம் காலில் இருக்க வேண்டும். கை சமநிலையை மாத்திரம் காக்க வேண்டும். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் எப்பொழுதும் மூன்று பாறையிலேயே இருக்க, நான்காவது ஒன்றுதான் இடம் மாறலாம். கை வைக்கும் கல்லை முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். வெற்றுக் குடம்போல் ஒலித்தால் அது பாறையோடு ஒட்டியதன்று. உடம்பைச் சுவரோடு அணைத்துக்கொள்ளப் பயம் தூண்டும். ஆனால் அப்படி அணைந்தால் பாதம் வெளிப்புறமாக வழுக்கும். சற்று விலகி நேராக நிற்பவனுடைய பாரந்தான் பாதத்தின் வழியே பாறைக்குள் இறங்கி அவனை நிலைநிறுத்தும்.

மலையேற்றத்தின் கடினத்தை அளப்பதற்கு, அமெரிக்காவில் சியரா கிளப் என்னும் சங்கத்தார் 1930-களில் சில வகுப்புகள் வகுத்தார்கள். பாதையில் நடப்பது முதல் வகுப்பு. கரடுமுரடான சரிவில் எப்பொழுதாவது கை ஊன்றுவது இரண்டாவது. கையும் காலும் சேர்ந்தாலன்றி ஏற முடியாதது மூன்றாவது. விழுந்தால் பிழைப்பது அரிது என்பதால் கயிறு வைத்துக்கொள்வது நல்லது என்ற நிலை நான்காவது. கயிறும் பயிற்சியும் இன்றி முயலவே கூடாதது ஐந்தாவது. என் கணிப்பில் அண்ணாமலையின் வழக்கமான பாதை முதல் இரண்டு வகுப்புக்குள் அடங்கும். பர்வதமலையின் பழைய வழி மூன்றாவது வகுப்பு; இரும்பையும் சங்கிலியையும் பிடுங்கிவிட்டால் அதற்கும் மேலே போய்விடும். அந்தக் கம்பிகளை நட்டவர்கள் பெயர் எதுவும் பாறையில் இல்லை. ஆயினும் நன்னன் நாட்டுப் புல்முடிச்சு இரும்பாகி நிற்பதை நான் அங்கே கண்டேன்.

தண்ணீரும் இறக்கமும்

வறண்ட மலையில் தவறி விழுவதற்கு நிகராக, வெயிலில் உலர்ந்து விழுவதற்கும் அஞ்ச வேண்டும். வெயிலில் ஏறும் உடம்பு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் அளவுக்கு வியர்வையைக் கொட்டிவிடக்கூடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ பாரம். எட்டு மணி நேரத்துக்கு வேண்டியதைச் சுமந்தால் சுமையே வியர்வையை அதிகப்படுத்தும். இந்தச் சிக்கலிலிருந்து தப்ப ஒரே உபாயம், பாலையின் பொழுதான நண்பகலை ஏமாற்றுவது. விடிந்தவுடன் ஏற்றத்தைத் தொடங்கி, வெயில் முதிர்வதற்குள் மேலே சேர்ந்து, உச்சி வேளையை நிழலில் கழித்துவிட்டு, பிற்பகலில் இறங்குவது நலம்; அதுவும் வனத்துறையார் விதிக்கும் நேரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே செய்யத்தக்கது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதிலும் அபாயம் உண்டு. வியர்வையோடு போன உப்பு திரும்பாவிட்டால் தலை சுற்றி வாந்தி வரும், புத்தி மயங்கும். உப்பிட்ட நீர்மோரும் எலுமிச்சை நீரும் கடலை மிட்டாயும் நம் யாத்திரிகர்கள் மூட்டையில் இடம் பெறுவது வெறும் பழக்கத்தினால் அன்று.

ஏறியவனுக்குப் பாதிக் காரியம்தான் முடிந்திருக்கிறது. ஏறும்பொழுது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்பொழுதோ நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொள்ளச் செய்வது இந்த இரண்டாவது வேலைதான். களைப்பும், வீடு திரும்பும் அவசரமும், "வந்த வழிதானே" என்ற அலட்சியமும் ஒன்று சேரும் நேரமும் அதுவே. செங்குத்தான இடங்களில் மலைக்கு முகத்தைக் காட்டி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். மழை அறிகுறி தெரிந்தால் ஓடைகளில் கால் வைக்கவே கூடாது. உலர்ந்த மண்ணும் மொட்டைப் பாறையும் நீரை உறிஞ்சாமல் உருட்டிவிடுவதால், மேலே பெய்த மழை கீழே வெயிலில் நிற்பவன்மீது வெள்ளமாக வந்து விழும்.

ஏறாமையும் ஒரு வழி

வணக்கமும் ஏற்றமும் சந்திக்கும் மலைகள் வேறு நாடுகளிலும் உண்டு. எகிப்தில் சீனாய்ப் பாலையின் நடுவே மோசஸின் மலை என்று வணங்கப்படும் சிகரம் 2,285 மீட்டர் உயரமுடையது. அதன் அடிவாரத்தில் ஆறாம் நூற்றாண்டில் எழுந்த மடத்தைச் சேர்ந்த துறவிகள், பிற்காலத்து யாத்திரிகர்களுக்காக 3,750 படிகள் அமைத்தார்கள் என்பர். இன்றும் ஜனங்கள் நள்ளிரவில் புறப்பட்டு, சூரியோதயத்துக்கு உச்சி சேர்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாப் பாலையில் பாபோகிவாரி என்ற 7,730 அடிக் கற்சிகரம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள டோஹோனோ ஓடாம் பழங்குடியார், தங்களைப் படைத்த ஈடோய் என்னும் தெய்வம் அம்மலையின் குகையில் வசிப்பதாக நம்பி அதை வணங்குகிறார்கள். ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானியும் மோன்டோயா என்ற அவருடைய துணைவரும் 1898-இல் அதன் உச்சியை அடைந்ததை ஏட்டில் எழுதிய முதல் ஏற்றமாகக் கொள்வர். கீழே நின்று வணங்கியவர்களுடைய மலையையும் மேலே ஏறியவர்களுடைய மலையையும் ஒரே சிகரம் தாங்கிக்கொண்டிருக்கிறது. திருவண்ணாமலைக்காரனுக்கு இந்த நிலைமை நன்றாக விளங்கும்.

அது விளங்க வேண்டிய அவசியமும் அண்மையில் நேர்ந்தது. 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து, மண்ணும் பாறையும் அடிவாரத்து வீடு ஒன்றை மூடின. குழந்தைகள் உட்பட 7 பேர் மாண்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்து வந்த மகாதீபத்தன்று, நிபுணர்கள் பரிசோதித்துச் சொன்னபடி, பொதுமக்கள் ஒருவரும் ஏற அனுமதிக்கப்படவில்லை. கொப்பரையும் நெய்யும் சுமக்கும் கைங்கரியக்காரர்கள் மாத்திரம் போய் வந்தார்கள். வேறு நாட்களிலும் வனத்துறையின் அனுமதியின்றி உச்சிக்குப் போவது தடை செய்யப்பட்டிருக்கிறது. கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பீடித்துண்டு விழுந்தால், பல ஆண்டுகளாகத் தொண்டர்கள் குழி தோண்டி நட்டு வளர்த்த கன்றுகள் ஓர் இரவில் கரியாகிவிடும் என்பதை அறிந்தவர்கள் அந்தத் தடையை வெறும் அதிகாரம் என்று சொல்லமாட்டார்கள். "இங்கே இருள் நீங்கிய பின் போ" என்று சொன்ன புலவர், "இங்கே இப்பொழுது போகாதே" என்றும் சொல்லியிருப்பார். அதுவும் ஆற்றுப்படைதான்.

பர்வதமலையிலிருந்து நானும் அந்தப் பெரியவரும் சேர்ந்தே இறங்கினோம். மேலே அவர் கொண்டுவந்த எண்ணெயை விளக்கில் ஊற்றிவிட்டு, காலித் தூக்கில் வழியெல்லாம் கிடந்த பிளாஸ்டிக் தாள்களைத் திணித்துக்கொண்டு வந்தார். நன்னன் கோட்டை என்று இப்பக்கத்தார் சுட்டும் பழைய மதிற்சுவரின் எச்சத்தைக் கடந்து, மரநிழல் தொடங்கிய பிறகு, ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கத்து வழிதான் அகலமாகவும் நன்றாக மிதிபட்டதாகவும் காணப்பட்டது. நான் அதில் பத்தடி போய்விட்டேன். "சாமி, அது ஆடு போற வழி. ஓடையில எறக்கிவுட்ரும்" என்று அவர் கூப்பிட்டார்.

திரும்பி வந்து பார்க்கையில் அவர் பாதையோரத்தில் குனிந்து ஏதோ தேடிக்கொண்டிருந்தார். யாரோ முன்பு போட்டிருந்த தழைக்கொத்து ஒன்று காய்ந்து, இலையுதிர்ந்து, வெறும் குச்சியாகிக் காற்றில் ஒதுங்கிக் கிடந்தது. அதை எடுத்து அப்பால் போட்டுவிட்டு, பக்கத்துப் புதரிலிருந்து பச்சைத் தழை ஒன்றை ஒடித்து, அந்தத் தவறான வழியின் குறுக்கே கிடத்தி, பறந்துவிடாதபடி அதன்மேல் ஒரு கல்லையும் வைத்தார்.

"இதை உங்களுக்கு யார் ஐயா சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லிக் குடுக்கணும்?" என்று கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "நாம வந்தப்ப யாரோ போட்டு வெச்சிருந்தாங்க இல்ல?"